கிரீனுக்கு அடியில் தொங்கும் தண்ணீர்

ஏப்ரலில் அமெரிக்காவின் அகஸ்டாவில் நடக்கும் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியைப் பார்த்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "மழை கொட்டி ஆட்டம் நிற்கிறது. மழை விட்டுக் கொஞ்ச நேரத்தில் கிரீனில் (குழிக்குள் பந்தைத் தட்டிவிடும் புல்தரையில்) பந்து வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. தண்ணீர் எங்கே போனது? இவ்வளவு வேகமாக வடியும் மண்ணில் புல் எப்படிக் காயாமல் நிற்கிறது?"

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: அகஸ்டாவில் கிரீன்களுக்கு அடியில் குழாய் வழியே ஈரத்தை உறிஞ்சி இழுக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. அது வசதி படைத்த கிளப்புகளுக்கு மட்டும். எனக்குப் பிடித்தது இரண்டாவது கேள்வி. அதற்கு மோட்டாரே வேண்டாம்.

அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-ல் வெளியிட்ட கிரீன் வடிவமைப்பின்படி மேலே 30 செ.மீ. மணற்கலவை, அதற்குக் கீழே 10 செ.மீ. சரளை, அடியில் வடிகால் குழாய். சரளை இருப்பதால் தண்ணீர் சரசரவென்று இறங்கிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது நேர்மாறு. மணலின் அடிமட்டம் வரை இறங்கி வந்த நீர், சரளையைத் தொட்டதும் நின்றுவிடுகிறது.

பள்ளியில் படித்த நுண்புழை ஏற்றம்தான் காரணம். மணல் துகள்களுக்கு இடையே உள்ள சந்து மெல்லியது. அது நீரைப் பிடித்து இழுக்கிறது. சரளைக் கற்களின் இடைவெளி அகலமானது. அதற்கு இழுக்கும் பலம் கிடையாது. மேலே பிடித்திருப்பவன் விடமாட்டான், கீழே இழுக்க ஆளில்லை. மணலின் அடிப்பகுதி முழுக்க ஊறி, இனி ஒரு சொட்டுக்கும் இடமில்லை என்னும்போதுதான் மிகுதி நீர் சரளைக்குள் விழுகிறது. விழத் தொடங்கினால் வேகமாக வடிந்துவிடும். மழை விட்டபின் மணலின் அடியில் ஓர் ஈரப் பட்டை தொங்கிக்கொண்டே இருக்கும். புல்லின் வேருக்கு அதுதான் குடிநீர்த் தொட்டி.

வீட்டிலேயே பார்க்கலாம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நன்றாக நனைத்துப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் நீளப் பக்கமாக நிமிர்த்துங்கள், மறுபடி சொட்டும். அதுவும் நின்றபின் குறுகிய பக்கம் கீழே வரும்படி செங்குத்தாகப் பிடியுங்கள்; இன்னும் சொட்டும். ஸ்பாஞ்சும் அதேதான், துளைகளும் அவையேதான். உயரம் மட்டுமே மாறியது. 0.1 மி.மீ. விட்டமுள்ள துளை ஏறக்குறைய 30 செ.மீ. உயரத்துக்கு நீரைத் தாங்கும், 1 மி.மீ. துளை 3 செ.மீ.தான் தாங்கும். ஆகவே மணலின் பருமனும் அடுக்கின் உயரமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். அதே மணலைப் பாதி உயரத்துக்குப் போட்டால் மேற்பரப்பு சொதசொதக்கும்.

மாடித்தோட்டக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தொட்டியின் அடியில் ஓட்டாஞ்சில்லும் ஜல்லியும் போட்டால் நீர் நன்றாக வடியும் என்று தலைமுறை தலைமுறையாக நம்புகிறோம். மேலே சொன்ன அதே விதிப்படி, ஈரப் பட்டை ஜல்லிக்கு மேலே ஏறி வேருக்கு இன்னும் அருகில் நிற்கும். வேர் அழுகலுக்கு நாமே வழி செய்கிறோம். துளையை மூட ஒரு வலைத்துண்டு போதும்.

கிரீனுக்கும் ஒரு சத்துரு உண்டு: புல்லிலிருந்தே உதிர்ந்து மட்கும் குப்பை. அது மேலடுக்கின் சந்துகளை அடைத்து, அடியில் நிற்க வேண்டிய ஈரத்தை மேலே நிறுத்திவிடும். அதனால்தான் பராமரிப்பாளர்கள் கிரீன் முழுக்கத் துளையிட்டு மண் உருளைகளைப் பிடுங்கி, குழிகளில் மணல் நிரப்புகிறார்கள். ஆட்டக்காரர்கள் இதற்குச் சலித்துக்கொள்கிறார்கள். அவர்கள் கேட்பது வேகம். 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்க கிரீன்களை அளந்தபோது, சாய்பலகையிலிருந்து விட்ட பந்து சராசரியாக ஆறரை அடி ஓடியது. இன்று பெரிய போட்டிகளில் 12 அடியைத் தாண்டுகிறது. அதற்காகப் புல்லை 3 மி.மீ. அளவுக்கு ஒட்ட வெட்டுகிறார்கள். இலை குறைந்தால் வேரும் குட்டையாகும். அடியில் தொங்கும் நீர் எட்டாமல் போகும். இந்த வேகப் போட்டி தவறு என்பது என் உறுதியான கருத்து.

அமெரிக்காவில் 2006 முதல் பத்தாண்டுக்கும் மேலாக, புதிதாகத் திறக்கப்பட்ட கோல்ஃப் மைதானங்களைவிட மூடப்பட்டவையே அதிகமாக இருந்தன. 2020-ன் பெருந்தொற்றுக்குப் பிறகு ஆட்டக்காரர்கள் திரும்பி வந்திருக்கிறார்கள். வந்த பணத்தில் ஒரு பங்காவது கிளப் கட்டடத்துக்குப் போகாமல் மண்ணுக்குப் போக வேண்டும். நம் வேளாண் பல்கலைக்கழகங்களிலும் மண் இயற்பியலுக்குத் தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும். மணலும் சரளையும் கற்றுத்தரும் இதே பாடம் மொட்டைமாடித் தோட்டத்துக்கும் வேண்டும், வறண்ட நிலங்களில் குப்பைமேட்டை மழைநீர் இறங்காமல் மூடுவதற்கும் வேண்டும்.

"நன்றாக இருக்கும்போது ஏன் துளை போட்டுக் கெடுக்கிறார்கள்?" என்றும் அந்த வாசகர் கேட்டிருந்தார். புல் வேகமாக வளரும் பருவத்தில்தான் குழி சீக்கிரம் மூடும். குளிர் நாட்டுப் புல்லுக்கு அது வசந்தமும் இலையுதிர் காலமும். வெப்ப நாட்டு மைதானங்களில் வளர்ப்பது பெர்முடா புல், அதாவது நம் அறுகு வகை. அதற்குக் கோடைதான் பருவம்.