ஸ்கேன் நார்மல், வலி மட்டும் ஏன் போகவில்லை?

"ஸ்கேன் நார்மல்தான்மா, பீரியட்ஸ் வலி யாருக்குத்தான் இல்லை?" இப்படிச் சொல்லி அனுப்பப்பட்ட பெண்களில் சிலருக்குப் பல வருடம் கழித்துத்தான் எண்டோமெட்ரியோசிஸ் என்று தெரியவருகிறது. கர்ப்பப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு சினைப்பை, குடல், சிறுநீர்ப்பை என்று வெளியே வளரும் நோய் இது. இனப்பெருக்க வயதுப் பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

வயிற்றின் உள்ளுறையில் மெல்லிய புள்ளிகளாக ஒட்டியிருக்கும் திசு சாதாரண ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. அதனால் நார்மல் ரிப்போர்ட்டை வைத்து நோயே இல்லை என்று முடிவுகட்ட முடியாது. அளவுக்கும் வலிக்கும்கூடப் பெரிய தொடர்பில்லை. சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய பெரிய 'சாக்லேட் கட்டி' இருந்தும் வலி தெரியாதவர்கள் உண்டு. சில புள்ளிகளிலேயே சுருண்டு படுப்பவர்களும் உண்டு. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனால் வளரும் இந்தத் திசு அழற்சியை உண்டாக்கி, வலியைத் தூண்டும் புராஸ்டகிளாண்டின் என்ற வேதிப்பொருட்களைச் சுரக்க வைக்கிறது. புதிய நரம்பிழைகளும் அதற்குள் முளைக்கின்றன. வலி வருடக்கணக்கில் நீடித்தால் தண்டுவடமும் மூளையும் லேசான தூண்டுதலையே பெரிய வலியாக உணரத் தொடங்கிவிடும். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் சிலருக்கு வலி மிஞ்ச இதுவும் ஒரு காரணம்.

இதெல்லாம் தெரிந்தால் நோயாளிக்கு என்ன லாபம்? மாத்திரை போடும் நேரத்தையே பாருங்கள். மெஃபனமிக் அமிலம், ஐபுபுரோஃபென் போன்றவை புராஸ்டகிளாண்டின் உருவாவதைத் தடுக்கின்றன. ஏற்கெனவே உருவானதை அழிப்பதில்லை. பல்லைக் கடித்துப் பொறுத்து, தாங்க முடியாதபோது போடுவதைவிட, வலி தலைகாட்டும்போதே சாப்பாட்டுக்குப் பின் போட்டால் நன்றாகக் கேட்கும். அல்சர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

டாக்டரிடம் பேசுவதும் மாறும். "வயிறு வலிக்குது" என்பதோடு நிறுத்தாமல், மாதவிடாய் நாட்களில் மலம் கழிக்கும்போது வலிக்கிறதா, தாம்பத்திய உறவில் வலிக்கிறதா, எத்தனை நாள் லீவு போட்டீர்கள் என்பதையும் சொல்லலாம். கூச்சத்தில் விழுங்கிவிடும் இந்த விவரங்கள்தான் நோயைக் காட்டிக்கொடுக்கும். வாழ்க்கைத் தரத்தை அளக்க ஆக்ஸ்ஃபோர்டில் நோயாளிகளிடம் பேசி உருவாக்கிய இஎச்பி-30 என்ற கேள்வித்தாள், வலியோடு நிற்காமல், நாம் சும்மா புலம்புகிறோம் என்று மற்றவர்கள் நினைப்பதாகத் தோன்றுகிறதா என்றும் கேட்கிறது. சரியான கேள்விதான்.

அப்புறம், "கல்யாணம் ஆகி ஒரு குழந்தை பிறந்தா சரியாகிடும்" என்ற அறிவுரை. கர்ப்பகாலத்தில் மாதவிடாய் நிற்பதால் சிலருக்கு வலி குறையலாம், நோய் குணமாகிவிடாது. வலிக்கு மருந்தாகக் கர்ப்பத்தைப் பரிந்துரைக்கக் கூடாது என்று ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டி 2022-லேயே சொல்லிவிட்டது.