ஃபெல்லோஷிப்புக்குத் 'தோழமை' என்று யார் சொன்னது?

போன மாதம் மெய்ப்புப் பார்க்க ஓர் அறிக்கை வந்தது. மொழிபெயர்ப்பு வேறு யாரோ செய்தது. எனக்குப் பிழைதிருத்தம் மட்டும். இரண்டாம் பக்கத்தில் இப்படி ஒரு வரி: "கிழக்கு ஆப்பிரிக்காவின் வட்டார ஆய்வாளர்களுக்கு, வறுமை ஒழிப்புத் திட்டங்களின் தாக்கத்தை மதிப்பிடப் பயிற்சி அளிக்கும் தோழமைகள்." மூன்று தடவை படித்தேன். வட்டாரம், ஆய்வாளர், தாக்கம் என்று வரிசையாக வந்ததும் ஏதோ காவல்துறைச் செய்தி என்று நினைத்தேன். கடைசியில் தோழமை வந்ததும் கட்சி மாநாடோ என்று தோன்றியது. மூலத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகுதான் அது ஃபெல்லோஷிப் என்று விளங்கியது.

இந்தத் தோழமை என் மேசைக்கு வருவது ஒரே வருடத்தில் இது நாலாவது முறை. முதல் மூன்று தடவையும் பேசாமல் அடித்துத் திருத்திவிட்டேன். இனி எழுதிவைப்பதே நல்லது.

முதலில் அந்த அறிக்கை எதைப் பற்றியது என்று சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் சேகா என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஓர் ஆய்வு மையம் இருக்கிறது. ஏழைகளுக்கென்று நடத்தப்படும் திட்டங்கள் உண்மையிலேயே பலன் தருகின்றனவா என்று அளந்து பார்ப்பது அதன் வேலை. கிழக்கு ஆப்பிரிக்க ஆய்வாளர்களுக்கென்று 2011இல் ஒரு ஃபெல்லோஷிப் தொடங்கினார்கள். கென்யா, உகாண்டா, தான்சானியா, எத்தியோப்பியா போன்ற நாடுகளில் ஏற்கெனவே விரிவுரையாளராகவோ ஆய்வாளராகவோ வேலை பார்ப்பவர்கள் ஒரு பருவம் பெர்க்லியில் வந்து தங்குவார்கள். வகுப்புகளில் உட்கார்ந்து கேட்பார்கள். சொந்தமாக ஒரு மதிப்பீட்டுக்குத் திட்டம் வரைந்து, அங்கிருக்கும் பேராசிரியர்களோடு வாதாடித் திருத்துவார்கள். ஊர் திரும்பி அந்த ஆய்வை நடத்துவார்கள். ஆப்பிரிக்காவில் நடந்த இப்படிப்பட்ட ஆய்வுகள் பலவற்றின் முகப்பில் அமெரிக்க, ஐரோப்பியப் பெயர்கள்தான் இருந்தன. வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்பியது உள்ளூர்க்காரர்கள். அதை மாற்றத்தான் இந்த ஏற்பாடு.

ஆக, இங்கே ஃபெல்லோஷிப் என்பதில் பணம் இருக்கிறது, காலக்கெடு இருக்கிறது, செய்து முடிக்க வேண்டிய வேலை இருக்கிறது, ஒரு நிறுவனத்தில் தற்காலிக இடமும் இருக்கிறது. இந்த நான்கையும் ஒரு சொல் தாங்க வேண்டும்.

சொல்லின் வேர் சுருக்கமாக. ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் 'ஃபே' என்றால் கால்நடை, சொத்து, பணம். 'லாக்' என்றால் இடுவது, வைப்பது. கூட்டுத் தொழிலில் தன் பணத்தைப் போட்டவன் 'ஃபேலாகி'. நம் பங்காளி மாதிரி. பங்கு இருப்பதால் பங்காளி. ஆங்கிலத்துக்குப் போய் அது 'ஃபெல்லோ' ஆயிற்று. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளில் கல்லூரியின் வருமானத்தில் பங்குள்ள உறுப்பினருக்கு அந்தப் பெயர் நிலைத்தது. அங்கிருந்துதான் ஆய்வுக்குப் பணம் கொடுத்து ஒருவரைக் கொஞ்ச காலம் உட்காரவைக்கும் ஏற்பாட்டுக்கு ஃபெல்லோஷிப் என்ற பெயர் வந்தது. கால்நடைக்கும் செல்வத்துக்கும் ஒரே சொல் என்பது நமக்குப் புதிதில்லை. "கேடில் விழுச்செல்வம் கல்வி ஒருவற்கு மாடல்ல மற்றை யவை" என்ற 400ஆம் குறளில் மாடு என்றால் செல்வம். அதுவும் கல்வி அதிகாரத்திலேயே!

சரி, இப்போது தோழமைக்கு வருகிறேன்.

அதற்கு வாதாடுபவர்கள் சொல்வது இதுதான்: ஃபெல்லோ என்றால் தோழர், ஷிப் என்பது 'மை' விகுதி, சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. அப்படியானால் ஸ்காலர்ஷிப்பை 'அறிஞர்மை' என்று எழுத வேண்டியதுதானே? டவுன்ஷிப்பை 'ஊர்மை' என்று? அங்கெல்லாம் பொருளைப் பார்த்துவிட்டு ஃபெல்லோஷிப்பில் மட்டும் எலும்பைப் பார்ப்பது என்ன நியாயம்? எலும்பைத்தான் பார்ப்பேன் என்றாலும், மேலே பார்த்தபடி அந்த எலும்பில் இருப்பது பணம் போட்ட பங்காளி. நட்பு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

தோழமை எனக்குப் பிடித்த சொல்தான். சங்கப் பாட்டில் தலைவியின் பக்கத்தில் நிற்பவள் தோழி. கம்யூனிஸ்ட் கட்சிக் கூட்டத்தில் ஒருவரையொருவர் விளிப்பது தோழர். இரண்டு இடத்திலும் அந்தச் சொல் கொடுக்கல் வாங்கலுக்கு அப்பால் நிற்கிறது. தோழமைக்கு விண்ணப்பம் போட முடியாது, கடைசித் தேதி கிடையாது, தேர்வுக் குழு கிடையாது. ஒரு சொல்லாக்கம் தேறுமா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை, அதைக் குமாஸ்தாவின் வாக்கியத்தில் உட்கார வைப்பது. "தோழமை மாதந்தோறும் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படும்." "உரிய காலத்தில் அறிக்கை தராதவர்களின் தோழமை ரத்து செய்யப்படும்." "ஒருவர் ஒரே சமயத்தில் இரண்டு தோழமைகள் பெறக் கூடாது." இதற்கு மேல் நான் வாதாட வேண்டியதில்லை. ஆனாலும் வாதாடுவேன்.

கூடிப் பழகுவது என்ற பொருளில் ஃபெல்லோஷிப் என்ற சொல் தமிழுக்கு ஏற்கெனவே வந்து, வேறு வீட்டில் குடியும் ஏறிவிட்டது. தேவாலயத்துக்குப் போகிறவர்களைக் கேளுங்கள், ஐக்கியம் என்பார்கள். "பரிசுத்த ஆவியினுடைய ஐக்கியமும்" என்று ஆராதனை முடிவில் சொல்லிச் சொல்லிப் பழகிய சொல். வேதாகமத்தைப் பெயர்த்தவர்கள் அந்த இடத்தில் என்ன பொருள் என்று பார்த்து எழுதினார்கள். நம் ஆட்கள் அகராதியைத் திறந்து, முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு மூடிவிடுகிறார்கள்.

அடுத்த போட்டியாளர் உதவித்தொகை. ஆராய்ச்சி மாணவருக்கு மாதாமாதம் வரும் பணத்தைக் கல்வி உதவித்தொகை, ஆய்வு உதவித்தொகை என்று எழுதுவது பழகிப்போன வழக்கு. புரியாமல் போகாது என்பதால் பல காலம் நானும் அதையே எழுதினேன். இந்த அறிக்கைதான் அதையும் கைவிட வைத்தது. அதில் கென்யாவின் சியாயா பகுதியில் நடந்த ஓர் ஆய்வு பற்றி ஒரு பத்தி வருகிறது. 653 கிராமங்கள், 10,500க்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்கள், குடும்பத்துக்கு ஏறத்தாழ 1,000 டாலர் ரொக்கம், எந்த நிபந்தனையும் இல்லாமல். பணம் வாங்காத அண்டை வீட்டாரின் வாழ்க்கையும் அதனால் மாறுகிறதா, கடைத்தெருவில் விலை ஏறுகிறதா என்றுகூடப் பார்த்தார்கள். இந்த ரொக்கத்துக்குத் தமிழில் என்ன பெயர்? உதவித்தொகை. முதியோர் உதவித்தொகை, விதவை உதவித்தொகை எல்லாம் நம் வீட்டுக் கிழவிகள் நாள்தோறும் சொல்லும் சொற்கள். இப்போது வாக்கியத்தை எழுதிப் பாருங்கள்: "உதவித்தொகை பெறுவோர், உதவித்தொகை பெறுவோரின் வாழ்க்கை மேம்பட்டதா என்று மதிப்பிடுவார்கள்." யார் யாரை மதிப்பிடுகிறார்? வேறு எந்தத் துறையிலும் ஆய்வு உதவித்தொகை ஒப்பேறலாம். வறுமைத் திட்டங்களை மதிப்பிடும் துறையில் மட்டும் ஒப்பேறாது. அதோடு, முனைவர் பட்டம் வாங்கி வகுப்பெடுக்கும் ஒருவரை வேலைக்கு அழைத்து, அந்த வேலைக்குக் கொடுப்பதை உதவி என்பதும் சரியாகப் படவில்லை.

இலங்கைத் தமிழர்களிடம் இந்தத் தொல்லை குறைவு. ஸ்காலர்ஷிப்புக்கு அவர்கள் சொல்வது புலமைப்பரிசில். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுதும் தேர்வுக்கே அங்கே புலமைப்பரிசில் பரீட்சை என்று பெயர். உதவி என்ற வாடையே இல்லாத சொல். அதையே எடுத்துக்கொள்ளலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். எனக்கு ஆசைதான். ஆனால் பரிசில் என்பது பாடி முடித்த புலவனுக்குக் கிடைப்பது. திறமையைப் பார்த்துவிட்டுக் கொடுப்பது. ஸ்காலர்ஷிப்புக்கு அது கச்சிதம். ஃபெல்லோஷிப்பில் வேலை இனிமேல்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டு அரசு 2022இல் வேறு வழியில் போனது. முதலமைச்சரின் ஃபெல்லோஷிப் திட்டத்துக்குப் 'புத்தாய்வுத் திட்டம்' என்று பெயர் வைத்தார்கள். தோழமைக்கு இது எவ்வளவோ மேல், காதுக்கும் நன்றாக இருக்கிறது. ஆனால் புத்தாய்வு என்றால் புதிய ஆய்வு. எல்லா ஆய்வும் புதிதுதான். பழைய ஆய்வு செய்ய யார் பணம் தருவார்கள்? அந்தச் சொல்லில் கொடுப்பவரும் இல்லை, பெறுபவரும் இல்லை, காலமும் இல்லை. ஒரு திட்டத்தின் பெயர்ப்பலகையில் மாட்டலாம். "மூன்று புத்தாய்வுகளுக்கு விண்ணப்பித்தேன், ஒன்று கிடைத்தது" என்று ஒரு மாணவி சொல்ல முடியுமா?

என் சொல் நல்கை. நல்கு என்ற வினை பழையது. கொடு, அருள் என்று பொருள். நல்கை என்ற பெயரும் புழக்கத்தில் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவைப் பல்கலைக்கழக நல்கைக் குழு என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். மானியம் வரியில்லா நிலத்தைக் குறித்த சொல். இன்று உரத்துக்கும் எரிவாயு உருளைக்கும் போய்விட்டது, அங்கேயே இருக்கட்டும். நல்கை இன்னும் காலியாக இருக்கிறது. அதைக் குமாஸ்தா வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "ஆய்வு நல்கைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள்." "நல்கைக் காலம் நான்கு மாதம்." "நல்கை மாதந்தோறும் வரவு வைக்கப்படும்." எங்கும் இடறவில்லை. அகராதியில் இதற்குப் பக்கத்திலேயே நல்குரவு இருக்கிறது. திருக்குறளின் 105ஆம் அதிகாரத் தலைப்பு. வறுமை என்று பொருள். நல்குரவை ஆராய ஒரு நல்கை. இப்படித் தானாக வந்து விழுவதை விட மனசில்லை.

ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்கவில்லை. ஃபெல்லோஷிப் நல்கை என்றால் ஃபெல்லோ யார்? 'நல்கையாளர்' என்று சிலர் எழுதுகிறார்கள். கொடையாளர் என்றால் கொடுப்பவர், உதவியாளர் என்றால் உதவுபவர். அந்தக் கணக்கில் நல்கையாளர் பணம் கொடுக்கும் அறக்கட்டளையாகிவிடுவார், வாங்கும் உகாண்டா விரிவுரையாளராக மாட்டார். 'நல்கை பெறுநர்' சரி, ஆனால் ரேஷன் கடை வரிசை மாதிரி இருக்கிறது. நான் 'நல்கை ஆய்வாளர்' என்று எழுதுகிறேன். நல்கையில் வந்திருக்கும் ஆய்வாளர். வேலையும் தெரிகிறது, ஏற்பாடும் தெரிகிறது. எல்லா ஃபெல்லோவுக்கும் இது செல்லாது. 1918இல் கணித மேதை ராமானுஜன் லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆனது ஒரு மரியாதை. அங்கே உறுப்பினர் என்பதே போதும். ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பேச்சில் நம் மாமாக்கள் "அவன் நல்ல ஃபெல்லோ" என்பார்களே, அதற்கு 'ஆள்' போதும்.

இனி அந்த வரியின் மிச்சம். 'வட்டார ஆய்வாளர்' என்று ஆங்கிலத்தின் ரீஜனலைப் பெயர்த்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் வட்டாரம் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலகம், வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். ஆய்வாளர் என்றால் காவல் ஆய்வாளர், மோட்டார் வாகன ஆய்வாளர். இரண்டையும் சேர்த்தால் ஓட்டுநர் உரிமம் எடுத்துக் காட்டத் தோன்றுகிறது. 'கிழக்கு ஆப்பிரிக்க ஆய்வாளர்கள்' என்றாலே அந்தப் பகுதிக்காரர்கள் என்பது வந்துவிடுகிறது; தனியாக ஒரு சொல் எதற்கு?

தாக்கம் அதைவிட மோசம். வெயிலின் தாக்கம், புயலின் தாக்கம், நோயின் தாக்கம் என்றுதான் செய்தித்தாளில் படிக்கிறோம். கென்யாவின் பூசியா பகுதியில் 1998இல் தொடங்கி 75 பள்ளிகளைப் பிரித்து, சில பள்ளிகளுக்கு முன்பும் சில பள்ளிகளுக்குப் பின்பும் குடற்புழு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை கொடுத்த பள்ளிகளில் பிள்ளைகள் வராமல் போவது ஏறத்தாழ கால்வாசி குறைந்தது என்றார்கள். கணக்கில் குறை கண்டவர்களும் உண்டு. அந்த வழக்கு வேறு. இந்த ஆய்வின் தமிழ்ச் சுருக்கத்தில் "பூச்சி மாத்திரையின் தாக்கத்தால் குழந்தைகள்" என்று ஒரு வாக்கியம் தொடங்குகிறது. படிக்கிற தாய்க்கு வயிற்றைக் கலக்காதா? விளைவு என்று எழுதலாம், பலன் என்று எழுதலாம். மாத்திரை கொடுக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ அதற்கும் இப்போது ஆனதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் இந்தத் துறையில் தேடுகிறார்கள். நம் ஊர்க்காரர்கள் இதைப் "பலன் இருக்கா?" என்று ஒரே கேள்வியில் கேட்டுவிடுவார்கள்.

அறிக்கையை இப்படித் திருத்தி அனுப்பினேன்: "வறுமை ஒழிப்புத் திட்டங்களின் பலனை மதிப்பிடக் கிழக்கு ஆப்பிரிக்க ஆய்வாளர்களுக்குப் பயிற்சி அளிக்கும் நல்கைகள்." இரண்டு நாளில் பதில் வந்தது. வட்டாரத்தை எடுத்ததற்கு நன்றி. தாக்கம் தலைமையகம் ஒப்புக்கொண்ட சொற்பட்டியலில் இருப்பதால் கைவைக்க முடியாது. நல்கை வாசகர்களுக்குப் புரியாது என்பதால் தோழமை அப்படியே இருக்கும். அடைப்புக்குறிக்குள் ஆங்கிலத்தில் ஃபெல்லோஷிப் என்று போட்டுவிடுகிறோம்.

அதே மின்னஞ்சலில் அறிக்கையின் அடுத்த பாகத்தையும் இணைத்திருந்தார்கள். முதல் தலைப்பு: "முன்னாள் தோழர்கள் இன்று எங்கே?"