டெனண்ட்டுக்குத் தமிழ்ல என்ன? வாடகைதாரரா, குடித்தனக்காரரா?

வீட்டு அக்ரிமெண்ட் தமிழ்ல டைப் பண்ணும்போது எல்லாருமே 'வாடகைதாரர்'னு போட்டுட்டுப் போயிடுறோம். அந்த ஒத்த வார்த்தையப் பிரிச்சுப் பார்த்தா செம காமெடி. வாடகை வடமொழி 'பாடக'த்துல இருந்து வந்தது, ஹிந்திக்காரங்க பாடான்னு சொல்றதும் கன்னடத்துல பாடிகேன்னு சொல்றதும் அதே வம்சம்தான். 'தார்' பாரசீகம், ஜமீன்தார் தாசில்தார்ல இருக்கே அதே தார், வெச்சிருக்கிறவர்னு அர்த்தம். கடைசில ஒட்டிக்கிட்டு இருக்கிற 'அர்' மட்டும்தான் நம்ம சொந்தச் சரக்கு. இங்கிலீஷ் டெனண்ட் கதையும் இதேதான், லத்தீன்ல பிடிச்சு வெச்சிருக்கிறதுக்கு 'தெனெரே'ம்பாங்க, அது பிரெஞ்சு வழியா வந்து டெனண்ட் ஆச்சு.

நம்ம சொல்லு குடி. புது வீட்டுக்குக் 'குடி போறோம்', பால் காய்ச்சிக் 'குடி வந்தோம்', மாடி போர்ஷன்ல ஒரு ஃபேமிலியைக் 'குடி வெச்சிருக்கோம்'. சொந்த வீடா வாடகை வீடான்னு அந்தச் சொல்லு பார்க்கிறதே இல்ல, இருந்தாப் போதும். அதுல இருந்துதான் குடித்தனம், தனிக்குடித்தனம், திருவல்லிக்கேணி பக்கம் ஒரே வீட்ல பல குடும்பங்க நெருக்கிக்கிட்டு இருந்த ஒண்டுக்குடித்தனம் எல்லாம். வாடகைக்கே பழைய சொல் ஒண்ணு உண்டு, குடிக்கூலி. அகராதில பத்திரமா இருக்கு, பேச்சுலதான் அநேகமா காணோம். டாஸ்மாக் வந்தப்புறம் அதைச் சத்தமா சொன்னா வேற மாதிரி நினைப்பாங்க, அது தனிப் பிரச்சனை.

ஆனா குடிக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கு: குலம், பரம்பரை. திருக்குறள்ல குடிமைன்னு ஒரு அதிகாரமே இருக்கு, நல்ல குடில பொறந்தவங்க குணம் என்னன்னு அது பேசுது. வீட்டு ஓனருங்க நிறைய பேர் முதல் அர்த்தத்துக்குப் போர்டு மாட்டிட்டு ரெண்டாவது அர்த்தத்தைத்தான் விசாரிக்கிறாங்க.

டூலெட் போர்டு பார்த்து போன் பண்ணா ஃபேமிலியா, எத்தனை பேரு, எங்க வேலை, மெட்ரோ வாட்டர் வருது, பைக் நிறுத்தலாம்னு எல்லாம் சுமுகமாத்தான் போகும். அப்புறம் வரும், "பேரு சொல்லலையே தம்பி". என் கூட வேலை பார்க்கிற முஸ்லிம் பையன் ஒருத்தன், அவன் பேரைச் சொன்னதும் எதிர்ப்பக்கம் கொஞ்சம் அமைதி, அப்புறம் "அப்படிங்களா... வீட்ல கலந்துக்கிட்டு சொல்றேன் தம்பி". அவ்ளோதான், அந்த போன் திரும்ப வராது, போர்டு மட்டும் அங்கேயே தொங்கும். புரோக்கருங்க இன்னும் நாசூக்கு, "ஓனர் ப்யூர் வெஜ் ஆளா பார்க்கிறாங்க சார்"னு முடிச்சுடுவாங்க, முட்டைகூடத் தொடாத முஸ்லிமா இருந்தாலும் பதில் அதேதான், ஏன்னா கேள்வி சாப்பாட்டைப் பத்தினதே இல்ல. கிறிஸ்டியன்ஸ் ஒன்லி, முஸ்லிம்ஸ் ஒன்லின்னும் விளம்பரம் வரத்தான் செய்யுது, ஆனா எண்ணிக்கைல சின்ன சமூகத்துக்கு நாலு தெருவுல கதவு மூடினா மிச்சம் இருக்கிறது ஒரு தெருதான், ரெண்டும் ஒண்ணாகாது.

சட்டத்துல இதுக்கு என்ன இருக்குன்னு கேட்டா, நேரா எதுவும் இல்ல. தமிழ்நாட்டுல 2017ல போட்டு 2019 பிப்ரவரில அமலுக்கு வந்த வாடகைச் சட்டம் ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், பதிவு பண்ணணும்னு சொல்லுது, தண்ணி கரண்ட்டை ஓனர் கட் பண்ணக் கூடாதுங்குது, மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் கூடாது, ரெண்டு பேரும் வேற மாதிரி ஒத்துக்கிட்டா தவிரங்குது (அந்தத் 'தவிர'லதான் பத்து மாச அட்வான்ஸ் இன்னும் ஜோரா ஓடிட்டிருக்கு). எல்லாமே உள்ள வந்துட்ட ஆளுக்கு. கேட்டுக்கு வெளிய நிக்கிறவர் இன்னும் எதையும் 'வெச்சிருக்க' ஆரம்பிக்கலையே, அவரு வாடகைதாரரே கிடையாது.

அரசியல் சட்டம் 15வது பிரிவு மதத்தைச் சொல்லிப் பாகுபாடு காட்டக் கூடாதுன்னு அரசாங்கத்தைக் கட்டிப்போடுது. தனி ஆளுங்களுக்கும் பொருந்துற 15(2)ல கடை, உணவகம், ஹோட்டல், கிணறு, குளம், படித்துறை, ரோடுன்னு வரிசையா இருக்கு, வாடகை வீடு இல்ல. தீண்டாமை காரணமா ஒருத்தரைக் குடியிருக்க விடாம தடுத்தா 1955 குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்துல குற்றம், ஆனா மதத்துக்காகத் தடுக்கிறதுக்கு அப்படி ஒண்ணு இல்ல. 2005ல அகமதாபாத் பார்சி ஹவுசிங் சொசைட்டி கேஸ்ல, பார்சிக்காரங்களுக்கு மட்டும்தான் மெம்பர்ஷிப்ங்கிற விதி செல்லும்னே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. அது சொசைட்டி கேஸ், வாடகைக் கேஸ் இல்லதான், ஆனா காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு தெரியும்.

அமெரிக்கால 1968லயே மதம், இனம் பார்த்து வீடு மறுக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டாங்க, மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுக் கொன்னு ஒரு வாரத்துல கையெழுத்தானது. அதுலயும் ஓட்டை உண்டு, நாலு போர்ஷனுக்கு மேல போகாத வீட்ல ஓனரும் அங்கேயே இருந்தா பெரும்பாலும் விலக்கு. ஆனா அந்த ஓனர்கூட இன்ன மதத்துக்காரங்களுக்கு மட்டும்னு விளம்பரம் போட முடியாது.

சரி, சொல்லுக்கு வருவோம். பேச்சுக்குக் குடித்தனக்காரர், எழுத்துக்குக் குடியிருப்பவர், காசுக்குக் குடிக்கூலி, இதுதான் என் சாய்ஸ். 'குடிக்கூலியாளர்'னு சிலர் எழுதுறாங்க, அதுல கூலியாள் தனியா துருத்திக்கிட்டு நிக்குது, எனக்குப் பிடிக்கல. குடியிருப்பவர்னு எழுதினா சொந்த வீட்டுக்காரரும் அதுல வந்துடுவாரேன்னு கேப்பீங்க, அக்ரிமெண்ட்டுக்கு மட்டும் முன்னாடி 'வாடகைக்கு'ன்னு சேர்த்துக்குங்க, வேலை முடிஞ்சது.