ஸ்ட்ரோமட்டோலைட்டைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ஸ்ட்ரோமட்டோலைட்: ஆழம் குறைந்த நீரில், நுண்ணுயிர்ப் படலங்கள் வண்டலைப் பிடித்துவைத்தும் சுண்ணாம்பைப் படியவைத்தும் ஏடு ஏடாக வளர்த்தெடுத்த கல்.

கலைச்சொல் பட்டியலுக்கு இவ்வளவு போதும். ஆனால் இந்த வரையறையில் 'நுண்ணுயிர்' என்ற சொல் இருக்கலாமா கூடாதா என்று நிலவியலாளர்கள் நூறாண்டுக்கும் மேலாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். பூமியில் உயிர் எப்போது தொடங்கியது என்ற கேள்விக்குக் கையில் இருக்கும் மிகப் பழைய சாட்சிகளில் இந்தக் கல்லும் ஒன்று. சாட்சியின் பெயரிலேயே தீர்ப்பை எழுதிவைக்கலாமா என்பதுதான் சிக்கல். இதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

முதலில் மூலச்சொல். கிரேக்கத்தில் 'ஸ்ட்ரோமா' என்றால் விரிப்பு, படுக்கை. உட்காரவோ படுக்கவோ தரையில் விரிப்பது எதுவும் ஸ்ட்ரோமாதான். 'லித்தோஸ்' என்றால் கல். இரண்டும் சேரும்போது நடுவில் 'மட்' எங்கிருந்து வந்தது? மரம் என்பது உருபு ஏற்கும்போது 'மரத்தை', 'மரத்தில்' என்று 'அத்து' வாங்கிக்கொள்கிறதல்லவா? அதுபோல ஸ்ட்ரோமா வேற்றுமை ஏற்கும்போது 'ஸ்ட்ரோமட்' ஆகிவிடும். லத்தீனில் அடுக்கைக் குறிக்கும் 'ஸ்ட்ராட்டம்' என்ற சொல்லும் 'விரித்தல்' என்ற அதே வேரிலிருந்து கிளைத்ததுதான்.

ஸ்ட்ரோமா பள்ளியிலேயே அறிமுகமான சொல். இலையின் பசுங்கணிகத்துக்குள் பச்சை வட்டுகள் மிதக்கும் நிறமற்ற பொருளுக்கும் அதே பெயர். இரண்டுக்கும் பெயர் வைத்தவர்கள் கலந்து பேசியவர்கள் அல்லர். ஆனால் பசுங்கணிகம் என்பதே ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த சயனோபாக்டீரியா, அதாவது ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. வேறொரு செல்லுக்குள் குடிபுகுந்து நிலைத்துவிட்டது. இன்று வளரும் ஸ்ட்ரோமட்டோலைட்டுகளைக் கட்டுவதில் முன்னணியில் இருப்பதும் அதே சயனோபாக்டீரியாதான். தற்செயல்தான், ஆனால் ரசிக்கத்தக்க தற்செயல்.

இனி, பெயர் வைத்த கதை. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் சரட்டோகா ஸ்பிரிங்ஸ் ஊருக்கு அருகே சுண்ணாம்புப் பாறைத் தளம் ஒன்று உண்டு. குறுக்கே வெட்டிய முட்டைக்கோஸ்போல வளையத்துக்குள் வளையமாகப் பெரிய வட்டங்கள் அதில் தெரியும். ஜேம்ஸ் ஹால் என்ற தொல்லுயிரியலாளர் 1883இல் அவற்றுக்கு 'கிரிப்டோசூன்' என்று பெயர் சூட்டினார். 'மறைந்திருக்கும் விலங்கு' என்று பொருள். விலங்கு எதுவும் அங்கே மறைந்திருக்கவில்லை. பெயர் அவசரப்பட்டுவிட்டது.

1908இல் ஜெர்மானிய நிலவியலாளர் எர்ன்ஸ்ட் கால்கோவ்ஸ்கி வடஜெர்மனியின் மணற்பாறைத் தொகுதியில் கிடைத்த இத்தகைய கற்களை ஆராய்ந்து 'ஸ்ட்ரோமட்டோலித்' என்ற சொல்லை உருவாக்கினார். எளிமையான தாவர வகை உயிரினங்கள் இவற்றைக் கட்டின என்று அவர் உறுதியாக நம்பினார், அதை எழுதவும் செய்தார். ஆனாலும் பெயரில் உயிரையோ தாவரத்தையோ அவர் நுழைக்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்த வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்: விரித்ததுபோன்ற ஏடுகள், கல். ஹாலின் சொல் வழக்கொழிய, கால்கோவ்ஸ்கியின் சொல் நிலைத்ததற்கு இந்த அடக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அவர் காலத்தில் எல்லோரும் இதை ஏற்றுவிடவில்லை. 1931இல்கூட கேம்பிரிட்ஜ் தாவரவியலாளர் ஆல்பர்ட் சூவர்ட், இந்த வளையங்களுக்கு உயிர் தேவையில்லை, வேதிப்படிவே போதும் என்று ஐயம் எழுப்பினார். ஐயத்தில் நியாயம் இருந்தது. கல்லில் வளையம்தான் இருந்ததே தவிர, ஒரு செல்லையும் யாரும் காட்டவில்லை. இப்படி வளரும் கல் ஒன்றை உயிரோடு பார்த்தவர்களும் இல்லை.

இந்த இரண்டு குறைகளும் 1950களில் தீரத் தொடங்கின. 1954இல் ஸ்டான்லி டைலர், எல்சோ பார்கோர்ன் என்ற இருவர், கனடாவில் சுப்பீரியர் ஏரியின் வடகரையிலிருக்கும் கன்ஃபிளிண்ட் பாறையில் நுண்ணோக்கியால் இழைகளையும் உருண்டைகளையும் கண்டதாக அறிவித்தார்கள். சிக்கிமுக்கிக் கல் வகையைச் சேர்ந்த அந்தப் பாறையின் வயது ஏறத்தாழ 188 கோடி ஆண்டு. ஸ்ட்ரோமட்டோலைட் ஏடுகளுக்குள்ளேயே நுண்ணுயிர்களின் உருவம் சிக்கியிருந்தது. அதே பத்தாண்டில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில், ஹேமலின் பூல் என்ற உப்பங்கழியோரம், வளர்ந்துகொண்டிருக்கும் ஸ்ட்ரோமட்டோலைட்டுகள் அறிவியலாளர் கண்ணில் பட்டன.

ஹேமலின் பூலில் கொஞ்சம் நிற்போம். அலை இறங்கும்போது கரையோரம் முழங்கால் உயரத்துக்குக் கரும்பழுப்புத் தூண்கள் கூட்டம் கூட்டமாகத் தலைகாட்டும். பார்வைக்குச் சாதாரணப் பாறைதான். ஒவ்வொன்றின் மேல்தோலும், சில மில்லிமீட்டர் கனத்துக்கு மட்டும், உயிருள்ளது. அந்தத் தோலில் நெருக்கிப் பின்னிக்கிடக்கும் இழைகள் கோழை போன்ற பசையைச் சுரக்கின்றன. நீரில் வரும் மணலும் சுண்ணாம்புத் துகளும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. துகள் மூடினால் ஒளி மறைந்துவிடும். ஒளிச்சேர்க்கை இல்லாமல் பிழைப்பு இல்லை. ஆகவே இழைகள் துகள்களுக்கு இடையே நெளிந்து மேலேறி, மறுபடி ஒரு தோலை விரிக்கின்றன. ஒளிச்சேர்க்கை சுற்றியுள்ள நீரிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சிவிடுவதால் நீரின் காரத்தன்மை கூடி, கரைந்திருந்த கால்சியம் கார்பனேட் படியத் தொடங்குகிறது. கீழே விட்டுவந்த தோல் கல்லாகிறது. ஆண்டுக்குச் சுமார் அரை மில்லிமீட்டர், பல இடங்களில் அதைவிடக் குறைவு. முழங்கால் உயரத் தூண் எழுவதற்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும். முன்பு கம்பளி மூட்டைகளைக் கப்பலில் ஏற்ற வண்டிகள் இந்தப் படலத்தின்மேல் ஏறி இறங்கிய சக்கரத்தடம் இன்னும் அங்கே அழியாமல் தெரிகிறது.

ஏன் அங்கே மட்டும் இத்தனை செழிப்பு? வாயிலில் கடற்புல் படர்ந்த மணல்திட்டு நீரோட்டத்தைத் தடுப்பதால், ஹேமலின் பூலின் நீர் சாதாரணக் கடல்நீரைப்போல ஏறத்தாழ இரு மடங்கு உப்பு. இந்தப் படலங்களைச் சுரண்டித் தின்னும் நத்தை வகைகள் பல அந்த உப்பில் தாக்குப்பிடிப்பதில்லை. ஆதிக் கடலிலும் இவற்றை மேய ஆள் இல்லை. விலங்குகள் தோன்றிப் பெருகுவதற்கு முன், நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலாக உலகின் ஆழமற்ற கடல்களை இவையே நிறைத்திருந்தன. பிறகு மேய்வன வந்தன, கடற்பாசிகள் இடத்துக்குப் போட்டி போட்டன, ஸ்ட்ரோமட்டோலைட்டுகள் ஓரம் ஒதுங்கின. இன்று பஹாமாஸ் தீவுகளைப்போல வேறு சில இடங்களிலும் உயிருடன் உண்டு.

இவற்றைக் கட்டிய சயனோபாக்டீரியாவின் கழிவு ஆக்சிஜன். அது முதலில் கடலில் கரைந்திருந்த இரும்போடு சேர்ந்து துருவாகப் படிந்தது. பின்னர், ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன், காற்றில் நிலைத்துத் தங்கத் தொடங்கியது. நாம் மூச்சுவிடும் காற்றின் கதையும் இந்தப் படலங்களில்தான் தொடங்குகிறது.

தமிழ்ச்சொல்லுக்கு வருவோம். 'பாசிப்பாறை' என்பதுதான் உடனே வாயில் வருவது. கேட்க நன்றாக இருக்கிறது. குளத்துப் படிக்கட்டின் வழுக்கல் கண்முன் வருகிறது. ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கிறது. சயனோபாக்டீரியாவை நீலப்பச்சைப் பாசி என்று ஒரு தலைமுறை படித்தது உண்மைதான். ஆனால் அதற்கு உட்கரு கிடையாது, அது பாக்டீரியா. இதைக்கூடப் பேச்சுவழக்கு என்று விட்டுவிடலாம். இரண்டாவது தடைதான் பெரியது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் டிரெஸ்ஸர் பாறைத்தொகுதி என ஒன்று உண்டு. அது இருக்கும் இடத்துக்கு 'வட துருவம்' என்று பெயர். தாங்க முடியாத வெயிலைக் கிண்டலடித்து வைத்த பெயர். அங்குள்ள ஸ்ட்ரோமட்டோலைட்டுகளின் வயது ஏறத்தாழ 348 கோடி ஆண்டு. அவற்றைக் கட்டியது சயனோபாக்டீரியாவா, ஆக்சிஜனை வெளியிடாத வேறு நுண்ணுயிர்களா என்பது முடிவாகவில்லை. கட்டியவர் யாரென்று தெரியாத வீட்டுக்குப் 'பாசி' என்று பெயர்ப்பலகை மாட்ட முடியாது.

'உயிர்ப்பாறை', 'நுண்ணுயிர்க்கல்' என்றெல்லாம் ஆக்கலாமே என்றால், அதற்கு கிரீன்லாந்திலிருந்து பதில் வருகிறது. அங்கே இசுவா என்ற இடத்தில் பனி உருகி வெளிப்பட்ட பாறையில் 1 முதல் 4 சென்டிமீட்டர் உயரமுள்ள கூம்புகளைக் கண்டு, இவை 370 கோடி ஆண்டுப் பழமையான ஸ்ட்ரோமட்டோலைட்டுகள் என்று ஆலன் நட்மன் குழு 2016இல் அறிவித்தது. உலகமே கொண்டாடியது. 2018இல் அபிகெயில் ஆல்வுட் குழு அதே பாறையைப் பக்கவாட்டிலும் பார்த்தது. ஒரு முகத்தில் கூம்பாகத் தெரிந்தவை, இன்னொரு முகத்தில் நீண்டு செல்லும் மடிப்புகளாக இருந்தன. சில தலைகீழாகவும் நின்றன. வளர்கிற உயிர் மேல்நோக்கித்தானே எழும்? பாறை அழுந்தி மடங்கியதில் வந்த வடிவம் இது என்றார்கள். முதல் குழு இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. இப்படிக் கேள்வி கேட்ட ஆல்வுட், உயிரை நம்பாதவர் அல்லர். 2006இல் பில்பராவின் 343 கோடி ஆண்டு வயதுள்ள ஸ்ட்ரெல்லி பூல் பாறையில் ஏழு வகை வடிவங்களை அடையாளம் கண்டு, அவை உயிர் கட்டியவையே என்று வலுவாக வாதிட்டவரும் அவரே.

இடையில், 1996இல், ஜான் குரோட்சிங்கரும் டேனியல் ராத்மனும், உயிரே இல்லாமல் வெறும் படிவினாலும் இப்படிப்பட்ட அலைஏடுகள் உருவாகக்கூடும் என்று கணித மாதிரி வழியே காட்டியிருந்தார்கள். வரையறையிலும் இதே பிளவுதான். உயிரின் செயலால் விளைந்தது என்பதை வரையறைக்குள் வைக்கும் மரபு ஒன்று. அடியில் ஒட்டி, ஏடு ஏடாக வளர்ந்து, கல்லான அமைப்பு என்று வடிவத்தோடு நிறுத்திக்கொள்ளும் மரபு இன்னொன்று. 'உயிர்ப்பாறை' என்று சொல்லிவிட்டால் "இந்த உயிர்ப்பாறையை உயிர் கட்டவில்லை" என்றுதான் ஆய்வுச் செய்தியைத் தமிழில் எழுத வேண்டிவரும். அபத்தம்.

'அடுக்குப்பாறை'? வடிவத்தைச் சொல்கிறது, சரி. ஆனால் படிவுப்பாறை எல்லாமே அடுக்குதான். 'புதைபடிவம்' என்பதும் பொருந்தாது. எலும்போ ஓடோ இலையோ கல்லானால் அது புதைபடிவம். இங்கே கல்லாகிக் கிடப்பது கட்டியவரின் உடல் அல்ல, கட்டடம். கன்ஃபிளிண்ட்போல உடலும் சேர்ந்து கிடைப்பது அரிது.

என் தெரிவு 'பாய்க்கல்'. ஸ்ட்ரோமா விரிப்பு, நமக்கு விரிப்பென்றால் முதலில் பாய். லித்தோஸைக் 'கல்' என்று ஆள்வதும் புதிதல்ல. மெகாலித்தைப் பெருங்கல் என்று நெடுநாளாக எழுதிவருகிறோம். நுண்ணுயிர்கள் பின்னிய அந்தத் தோலை 'நுண்ணுயிர்ப் பாய்' என்று சொன்னால், பாய் கல்லானது பாய்க்கல் என்று இரண்டும் ஒரே குடும்பமாகிவிடும். கால்கோவ்ஸ்கியைப்போல வடிவத்தைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. "இந்தப் பாய்க்கல்லை உயிர் கட்டியதா?" என்று முரண்படாமல் கேட்க முடிகிறது.

ஒரே எச்சரிக்கை: நடுவிலிருக்கும் 'க்' விழக்கூடாது. நாய்க்குட்டி, பேய்க்கதை போல இங்கே வல்லினம் மிகும். 'பாய்கல்' என்று எழுதினால் வினைத்தொகையாகி, பாய்ந்து வரும் கல் என்று ஆகிவிடும். இத்தனை நிதானமாக வளரும் கல்லுக்கு அது பெரிய அவமானம்.

ஒலிபெயர்ப்பை விரும்புகிறவர்கள் 'ஸ்ட்ரோமட்டோலைட்' என்றே எழுதட்டும். முதல்முறை இரண்டையும் சேர்த்துத் தருவது நல்லது. 'சுட்ரோமட்டோலைட்டு' என்று கிரந்தம் நீக்கி எழுதுவதில் யாருக்கு என்ன லாபம் என்று எனக்குப் புரிந்ததில்லை. வாயில் நுழையாத சொல் இன்னும் நுழையாத சொல்லாகிறது, பொருளும் விளங்குவதில்லை.

பாய்க்கல் பார்க்க ஆஸ்திரேலியா போக வேண்டியதில்லை. ராஜஸ்தானில் சித்தோர்கர் அருகே போஜுண்டாவிலும், உதய்பூர் அருகே ஜாமர்கோட்ராவிலும் இவை தேசிய நிலவியல் நினைவுச்சின்னங்கள். ஜாமர்கோட்ராவில் பாய்க்கல் தூண்களிலேயே பாஸ்பேட் செறிந்திருக்கிறது; உரத்துக்காக அதை வெட்டியெடுக்கிறார்கள். உத்தரப்பிரதேசத்தின் சோன்பத்ரா மாவட்டத்தில் சல்கான் பூங்கா இருக்கிறது. நமக்கு இன்னும் பக்கத்தில், ஆந்திரத்தின் கடப்பா படுகையில், வேம்பள்ளி டோலமைட் பாறைகளில் ஏறத்தாழ 190 கோடி ஆண்டு வயதுள்ள பாய்க்கற்கள் வெளிப்பட்டுக் கிடக்கின்றன. சமையலறை அலமாரிக்குப் பதிக்கும் கறுப்புக் கடப்பா கல் அந்த மாவட்டத்தின் வேறொரு, இளைய சுண்ணாம்புப் பாறை. அதில் வளையம் தேடி ஏமாற வேண்டாம்.

துணைச்சொற்கள் சில. தனித்தனி ஏட்டுக்கு 'பாயேடு'. கட்டுகிற படலம் 'நுண்ணுயிர்ப் பாய்'. ஏடாக இல்லாமல் உள்ளே கட்டிகட்டியாக உறைந்திருக்கும் உறவினக் கல் ஒன்று உண்டு. இரத்தக்கட்டியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குத் 'திராம்போலைட்' என்று பெயர் வந்தது. 'உறைகல்' என்றால் பொன் உரசும் உரைகல்லோடு காதில் குழம்பும். அதற்குக் 'கட்டிக்கல்' போதும்.