பிரசிடென்ட் எலெக்ஷனுக்கு மட்டும் ஓட்டுப் போட்டுட்டு "ஒன்னும் மாறல"ன்னு சொல்லாதீங்க

திரும்பவும் அதே கேஸ். வர்ஜீனியாவுல ஒரு கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) தேர்தல் ஆபீஸ்ல வேலை பார்க்குறேன், ஓட்டர் பதிவு, பேலட் (ஓட்டுச்சீட்டு), பூத்ல உக்கார்ற ஆளுங்களுக்கு ட்ரெயினிங், இதுதான் என் வேலை. போன வாரம் நம்ம ஆளு ஒருத்தர் போன் பண்ணாரு. ஸ்கூல் எல்லைய மாத்தி வரைஞ்சுட்டாங்களாம், அந்த ஸ்கூலுக்காகவே கூடுதல் விலை குடுத்து வாங்குன வீடு, இப்ப பையன் வேற ஸ்கூலுக்குப் போகணுமாம். "அக்கா, இந்த ஸ்கூல் போர்டுல இருக்கறவங்கள எப்படிக்கா மாத்துறது?"ன்னாரு. ஓட்டுப் போட்டுத்தான் தம்பின்னேன். போன போர்டு எலெக்ஷன்ல போட்டீங்களான்னு கேட்டா, "அப்படி ஒரு எலெக்ஷன் நடந்துச்சா?"ங்கறாரு. சிட்டிசன் ஆகி ஏழெட்டு வருஷமாச்சு, 2020, 2024 ரெண்டு தடவைதான் போட்டிருக்காரு. அதுக்கு அடுத்த வார்த்தை, "இந்த நாட்டுல ஓட்டுப் போட்டு என்னக்கா மாறப்போவுது, எல்லாம் பணக்காரன் வச்சதுதான் சட்டம்."

இதையே எத்தன பேர் வாயில கேக்குறது. பொறுக்க முடியாமத்தான் எழுதுறேன். யாருக்குப் போடணும், எந்தக் கட்சி நல்ல கட்சின்னு நான் சொல்ல மாட்டேன், என் வேலையில அதுக்கு இடமே இல்ல. ஓட்டு எங்க வேலை செய்யுது, எங்க செய்யறதில்லன்னு மட்டும் சொல்றேன்.

முதல்ல ஒன்னு நல்லா மண்டையில ஏத்திக்கோங்க, அமெரிக்காவுல நாலு வருஷத்துக்கு ஒரு எலெக்ஷன் கிடையாது. எங்க ஸ்டேட்ல ஒவ்வொரு நவம்பரும் எலெக்ஷன் இருக்கு. கவர்னர், ஸ்டேட் சட்டசபை எல்லாம் ஒத்தப்படை வருஷத்துல வரும், பிரசிடென்ட் எலெக்ஷனோட சேர்ந்து வரவே வராது. ஸ்கூல் போர்டு, கவுண்டி சூப்பர்வைசர், ஷெரிஃப், யார் மேல கேஸ் போடலாம் யார விடலாம்னு முடிவு பண்ற அரசு வக்கீல், இவங்க எல்லாரையும் நாமதான் ஓட்டுப் போட்டு உக்கார வைக்கிறோம். உங்க வீட்டு வரி எவ்வளவுன்னு வாஷிங்டன்ல யாரும் முடிவு பண்றதில்ல. உங்க பொண்ணு எந்த ஸ்கூலுக்குப் போகணும்னு பிரசிடென்ட் முடிவு பண்றதில்ல. இத ஆயிரம் தடவ சொல்லியும் "ஆனா டிவில அத சொல்லவே இல்லையே"ங்கறாங்க. டிவில சொல்லமாட்டாங்க, உங்க கவுண்டி போர்டு பத்தி எந்த சேனல் ராத்திரி பூரா பேசும்?

சரி, ஓட்டுப் போட வந்தவங்களாவது முழுசா போடுறாங்களான்னா அதுவும் இல்ல. பேலட்ல பேரு பக்கத்துல முட்டை மாதிரி ஒரு வட்டம் இருக்கும், மேல இருக்கற ஒரு முட்டைய மட்டும் கருப்பாக்கிட்டு, பேப்பர பின்னாடி திருப்பிக்கூடப் பார்க்காம மெஷின்ல விட்டுட்டுப் போறாங்க. ஒரே பதவிக்கு ரெண்டு பேருக்குப் போட்டா மெஷின் எச்சரிக்கை காட்டும், சில பதவிய காலியா விட்டா ஒன்னுமே சொல்லாது, அது உங்க உரிமை. ஸ்கூல் போர்டு ஆளுங்க பேரு பக்கத்துல இங்க கட்சிப் பேரும் இருக்காது, அதனால யாருன்னே தெரியாம விட்டுடுறாங்க.

ஒரு ஓட்டுல என்ன ஆகும்னு கேக்கறவங்களுக்கு நான் எப்பவும் சொல்றது 2017-ல நியூபோர்ட் நியூஸ்ங்கற ஊர்ல நடந்தது. எங்க ஸ்டேட் சட்டசபையோட கீழ்ச்சபையில 94-வது தொகுதி, ஷெல்லி சைமன்ஸ் (டெமாக்ரட்), டேவிட் யான்சி (ரிபப்ளிகன்) ரெண்டு பேரும் போட்டி. மறு எண்ணிக்கை முடிஞ்சப்ப சைமன்ஸ் 11,608, யான்சி 11,607. அப்புறம் ஒரே ஒரு பேலட் கோர்ட்டுக்குப் போச்சு, அதுல ஓட்டர் ரெண்டு பேருக்குமே முட்டைய கருப்பாக்கி சைமன்ஸ் மேல ஒரு கோடு இழுத்திருந்தாரு. மூணு ஜட்ஜும் பார்த்துட்டு அது யான்சிக்குத்தான்னு சொல்ல, 11,608க்கு 11,608 சமமாயிடுச்சு. 2018 ஜனவரி 4-ம் தேதி ஒரு கிண்ணத்துல பேரு போட்டு எடுத்தாங்க, யான்சி பேரு வந்துச்சு, சட்டசபை 51-49னு ரிபப்ளிகன் கையில நின்னுச்சு. அந்தத் தொகுதியில அன்னைக்கு வேலை முடிஞ்சு டயர்டா இருக்குன்னு வீட்டுக்குப் போன ஒவ்வொருத்தரும் யோசிச்சுப் பார்க்கணும். (புது பேட்ச் ட்ரெயினிங்குக்கு வந்தா அந்த பேலட் போட்டோவத்தான் முதல்ல காட்டுவேன்.)

அந்த எலெக்ஷனுக்கு முன்னாடி சட்டசபை 66-34. அது 51-49 ஆனதுமே, வருஷக்கணக்கா நடக்காத மெடிக்கெய்ட் (ஏழைங்களுக்கான அரசு மருத்துவ இன்ஷூரன்ஸ்) விரிவாக்கம் 2018-ல பாஸ் ஆச்சு, 2019 ஜனவரி 1-லருந்து சுமார் 4 லட்சம் ஏழைங்களுக்கு இன்ஷூரன்ஸ் கதவு தொறந்துச்சு. 2019-ல சைமன்ஸ் ஜெயிச்சாங்க, சட்டசபை டெமாக்ரட் கைக்கு மாறுச்சு, அப்புறம் 7.25 டாலரா இருந்த குறைந்தபட்ச கூலி படிப்படியா ஏறி 2023-ல 12 ஆச்சு, மரண தண்டனைய 2021-ல எடுத்தாங்க. இப்ப காரணம் எதுவும் சொல்லாம 45 நாள் முன்னாடியே வந்து ஓட்டுப் போடுறீங்களே, அந்த வசதியே 2020 சட்டசபை குடுத்ததுதான். இது ஒரு கட்சிக்கு மட்டும் நடக்கறதுன்னு நினைக்காதீங்க, ஸ்கூல் விஷயத்துல கோவப்பட்ட பெத்தவங்க நிறைய பேர் 2021-ல திருப்பிப் போட்டாங்க, கவர்னர் பதவியும் கீழ்ச்சபையும் ரிபப்ளிகன் பக்கம் போச்சு.

பிரைமரிய (கட்சியோட வேட்பாளர் யாருன்னு முடிவு பண்ற முதல் கட்ட எலெக்ஷன்) பத்தி சொல்லவே வேணாம், காலி ரூம்ல உக்காந்திருப்போம். அந்தக் காலி ரூம்லதான் 2014-ல எரிக் கேன்டர் தோத்தாரு, பிரதிநிதிகள் சபையோட மெஜாரிட்டி லீடர், அடுத்த சபாநாயகர்னு பேசப்பட்ட ஆளு. அவர வீட்டுக்கு அனுப்புனது சுமார் 36 ஆயிரம் ஓட்டு, அவ்வளவுதான். எங்க ஸ்டேட்ல கட்சியில பேரு பதிய வேணாம், எந்தக் கட்சி பிரைமரி வேணும்னு கேட்டு ஒன்னுல போடலாம்.

அந்தத் தம்பி சொன்னது முழுப் பொய்யின்னும் நான் சொல்லல. பணத்தோட செல்வாக்கு நிஜம். கலிஃபோர்னியாவுல கிட்டத்தட்ட 4 கோடி பேர், வயோமிங்ல 6 லட்சம்கூட இல்ல, ரெண்டுக்கும் செனட்ல தலா 2 சீட்டுதான். 2016 பிரசிடென்ட் எலெக்ஷன்ல ஹிலாரி கிளின்டன் 28 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கியும் தோத்தாங்க. 2018-ல ஃப்ளோரிடா மக்கள் 64 சதவீதத்துக்கு மேல ஓட்டுப் போட்டு, தண்டனை முடிச்சவங்களுக்கு ஓட்டுரிமைய திருப்பிக் குடுத்தாங்க, மறு வருஷமே அபராதம் கட்டுனாத்தான் ஓட்டுன்னு சட்டசபை முட்டுக்கட்டை போட்டுச்சு. இதெல்லாம் பார்த்தா எனக்கும் வயிறு எரியுது.

ஆனா விஸ்கான்சின் ஸ்டேட்ட பாருங்க. 2018-ல டெமாக்ரட்டுக்கு மொத்தத்துல பாதிக்கு மேல ஓட்டு, கீழ்ச்சபையில கிடைச்சது 99-ல 36 சீட்டு, தொகுதிய அப்படி வெட்டி வச்சிருந்தாங்க. கட்சிக்குச் சாதகமா வெட்டுனா நாங்க தலையிட முடியாதுன்னு 2019-ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டே கைய விரிச்சுடுச்சு. எல்லாரும் இனி அவ்வளவுதான்னு உக்காந்திருந்தப்ப 2023 ஏப்ரல்ல ஸ்டேட் சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் பதவி ஒன்னுக்கு எலெக்ஷன், ஜேனட் புரோட்டசீவிச் ஜெயிச்சாங்க, அந்தக் கோர்ட்டோட மெஜாரிட்டியே மாறுச்சு. டிசம்பர்ல அந்தக் கோர்ட் பழைய தொகுதி மேப்ப தூக்குச்சு, 2024-ல புது மேப்ல நடந்த எலெக்ஷன்ல, டெமாக்ரட்டுக்கு முந்தின தடவை கிடைச்ச 35 சீட்டு 45 ஆச்சு. ஏப்ரல் மாசம், ஜட்ஜுக்கு ஒரு எலெக்ஷன்! நம்ம ஆளுங்கள்ல எத்தன பேரு அன்னைக்கு லீவு கேட்டிருப்பாங்க?

இப்ப செய்ய வேண்டியது. வீடு மாறுனா அந்த வாரமே ஓட்டர் பதிவுல அட்ரஸ மாத்துங்க, கரன்ட் கனெக்ஷன் மாத்துறீங்கள்ல, அதோட சேர்த்து. தபால்ல போடுறவங்க உறையில கேக்குற பிறந்த வருஷம், சோஷியல் செக்யூரிட்டி கடைசி 4 நம்பர், கையெழுத்து மூணையும் போடுங்க, அது இல்லாம வர்ற உறைய கையில வச்சுட்டு உங்களுக்குப் போன் போட்டா யாரும் எடுக்கறதில்ல, தெரியாத நம்பராம். மாதிரி பேலட் கவுண்டி வெப்சைட்லயே இருக்கு, ஒரு அரை மணி நேரம் உக்காந்து பேருகள தேடிப் படிச்சுட்டு வாங்க. பின்பக்கத்தத் திருப்புங்க.

கிரீன் கார்டுல இருக்கறவங்க, தயவுசெஞ்சு கேளுங்க, லைசென்ஸ் ஆபீஸ்ல நீட்டுற ஃபார்ம்ல சிட்டிசன்ங்கற கட்டத்த டிக் பண்ணவே கூடாது, அவசரத்துல கூட. தெரியாம பண்ணேன்னு சொன்னாலும் நாடு கடத்துற அளவுக்குப் போகும். உங்க நேரம் வரும்போது போடலாம்.

அம்மா அப்பாக்களுக்கு ஒன்னு. இங்க பொறந்த உங்க பிள்ளைங்களுக்கு 16 வயசுலயே பேரு முன்பதிவு பண்ணி வைக்கலாம், நவம்பருக்குள்ள 18 ஆகப்போற பிள்ளை 17-லயே பிரைமரில போடலாம். எஸ்ஏடி கோச்சிங் தேதியெல்லாம் மனப்பாடமா வச்சிருக்கீங்க, இதையும் கேலண்டர்ல குறிச்சு வைங்க, அன்னைக்கு நீங்களே கூட்டிட்டு வாங்க.