ஸ்மாஷின் வேகம் மணிக்கட்டில் இல்லை

பேட்மின்டனில் ஸ்மாஷ், அதாவது ஷட்டிலை மேலிருந்து கீழாக ஓங்கி அடிக்கும் அடி, பழகப் போனால் "மணிக்கட்டை மடக்கி அடி" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். ஆனால் 1970-களிலேயே கௌவிட்ஸ்கி, வாடெல் என்ற கனடா ஆய்வாளர்கள் நல்ல ஆட்டக்காரர்களின் அடியை அதிவேகக் கேமராவில் படமெடுத்துப் பார்த்து, மணிக்கட்டு மடங்குவதால் வரும் வேகம் நாம் நினைப்பதைவிடக் குறைவு என்று காட்டிவிட்டார்கள். வேகத்தின் பெரும்பகுதி கை தன் அச்சிலேயே சுழல்வதால் வருகிறது.

முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, அப்படியே கீழே திருப்புங்கள். உள்ளே ரேடியஸ், அல்னா என்று இரண்டு எலும்புகள் இருக்கின்றன. அல்னா கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்க, ரேடியஸ் அதன் குறுக்கே புரண்டு வருகிறது. இதுதான் முன்கையின் உட்சுழற்சி. இப்போது கையை நீட்டிக்கொண்டு அதே மாதிரி திருப்பினால் தோளிலிருந்து மேற்கையும் சேர்ந்து சுழலும், அரைச் சுற்றையும் தாண்டிப் போகும். ஸ்மாஷ் அடிக்கும்போது இந்த இரண்டு சுழற்சியும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன.

சரி, கை சுழன்றால் ராக்கெட்டின் தலை ஏன் வேகமாகப் போக வேண்டும்? ராக்கெட்டை முன்கைக்கு நேர்கோட்டில் பிடித்துத் திருப்பிப் பாருங்கள், அது நின்ற இடத்திலேயே சுற்றும், தலை எங்கேயும் போகாது. அதையே முன்கைக்குக் கொஞ்சம் சாய்வாகப் பிடித்துத் திருப்பினால் தலை ஒரு பெரிய வளைவை வீசிக்கொண்டு போகும், ஏனென்றால் சுழலும் அச்சிலிருந்து அது எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு வேகம். எனக்கு இந்த ஆட்டத்திலேயே மிகவும் பிடித்த விஷயம் இந்தக் கோணம்தான். தோசைக் கரண்டி மாதிரி வலைக்கு நேராக முகம் காட்டி ராக்கெட்டைப் பிடிப்பவர்களுக்கு ஸ்மாஷ் ஏறாததும் இதனால்தான்: முகம் முன்பே நேராக இருப்பதால், கையைச் சுழற்றினால் ஷட்டில் பக்கவாட்டில் போய்விடும், அதனால் உடம்பு தானாகவே சுழற்சியைக் கைவிட்டு மணிக்கட்டை மடக்க ஆரம்பிக்கிறது.

சுழற்சி சும்மா வருவதும் இல்லை. காலும் இடுப்பும் உடலைத் திருப்ப, முழங்கை முன்னால் வரும், ராக்கெட் முதுகுப் பக்கம் பின்தங்கும். அந்த நொடியில் மேற்கை வெளிப்பக்கமாகத் திரும்பி, மார்புத் தசையும் முதுகின் அகலமான தசையும் இழுபடுகின்றன. இழுபட்ட தசை உடனே சுருங்கினால் நின்ற நிலையிலிருந்து சுருங்குவதைவிட அதிக விசை தரும். அதற்கு அப்புறம்தான் முழங்கை நீள்வது, மேற்கை சுழல்வது, முன்கை சுழல்வது எல்லாம், அதுவும் கண் இமைப்பதற்குள்.

பிடியைக் கடைசிவரை தளர்வாக வைத்திருக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. இறுக்கிப் பிடித்தால் முன்கையில் எதிரெதிர்த் தசைகள் சேர்ந்தே இறுகி, சுழற்சிக்கே பிரேக் போட்டுவிடும். ஷட்டிலின் எடை 4.74 முதல் 5.50 கிராம்தான், அது ராக்கெட்டின் நரம்பு வலையில் படுவதே மில்லிவினாடிக் கணக்கில்தான், அதனால் முரட்டுப் பலத்தைவிடத் தலை எவ்வளவு வேகமாக வருகிறது என்பதே முக்கியம். 2023-இல் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் அடித்து கின்னஸ் சாதனை படைத்தார்.

பேக்ஹேண்டில், அதாவது புறங்கைப் பக்கமாக அடிக்கும் அடியில், எல்லாம் தலைகீழ், கை வெளிப்பக்கம் சுழல வேண்டும். தோளை வெளியே சுழற்றும் தசைகள் மார்பு, முதுகுத் தசைகளோடு ஒப்பிட்டால் மிகச் சிறியவை, அதனால்தான் ஆடுகளத்தின் பின்பகுதியிலிருந்து அடிக்கும் பேக்ஹேண்ட் பலருக்கும் பாதியில் விழுகிறது. ஒவ்வொரு ஸ்மாஷுக்குப் பிறகும் பறக்கும் கையை இழுத்து நிறுத்துவதும் அதே சிறிய தசைகள்தான். தோள் வலிக்கிறது என்பவர்கள் ரப்பர் பேண்டை வைத்துக் கையை வெளிப்பக்கம் சுழற்றும் பயிற்சியைத் தயவுசெய்து விடாதீர்கள். வலி தொடர்ந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.