இழுக்காமல் அழுத்த வேண்டிய கைப்பிடி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பெரியப்பா வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்கும் மோரிஸ் மைனர் கார், அவர் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தபோது பழையதாகவே வாங்கிய வண்டி. 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான இந்த வகையை வடிவமைத்தவர், பின்னாளில் மினியையும் வடிவமைத்த அலெக் இசிகோனிஸ். சென்ற மாதம் அதன் ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி பிடிமானம் இழந்து வெறுமனே சுழலத் தொடங்கியது. பட்டறை ஒன்றில் காட்டினோம். அங்கே திருப்புளியைச் செருகி நெம்பியதில் கதவின் உள்ளட்டை இரண்டு அங்குலத்திற்குக் கிழிந்து, குரோமியப் பூச்சும் பெயர்ந்தது. கைப்பிடி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. வீட்டிற்கு வந்ததும் நானும் அதையே பிடித்து இழுக்கப் பார்த்தேன். “இழுக்காதே தம்பி, அழுத்து” என்றார் பெரியப்பா.

அவர் அழுத்தச் சொன்னது கைப்பிடியின் அடியில் உள்ள வட்டத் தகட்டை. அதன் பின்னால், உள்ளட்டைக்கு மறுபுறம், கூம்பு வடிவச் சுருள்வில் ஒன்று இருந்துகொண்டு தகட்டை எப்போதும் கைப்பிடியை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. வண்டி குலுங்கும்போது கைப்பிடி கடகடக்காமல் பார்த்துக்கொள்வதோடு, கதவுக்குள்ளிருந்து நீளும் தண்டுடன் அதைப் பிணைக்கும் ஊசியை மறைப்பதும் அந்தத் தகடுதான். இரண்டு கட்டைவிரல்களாலும் தகட்டைக் கதவை நோக்கி அழுத்தினால், கைப்பிடியின் கழுத்தில் குறுக்காகச் செல்லும் ஊசியின் முனை தெரியும். நுனியைத் தட்டையாக அராவிய ஆணியை அதன்மேல் வைத்து மெல்லத் தட்டினால் ஊசி மறுபுறம் வெளிவரும். சில வண்டிகளில் ஊசியின் ஒரு முனை சற்றே பருத்திருக்கும். அப்படியானால் மெலிந்த முனையிலிருந்துதான் தட்ட வேண்டும். துரு பிடித்து அசைய மறுத்தால் எண்ணெய் விட்டு ஓரிரவு பொறுத்திருப்பது, சுத்தியலைப் பெரிதாக்குவதைவிட நல்லது.

எல்லா வண்டிகளிலும் ஊசி இருப்பதில்லை. பல அமெரிக்க வண்டிகளில் குதிரை லாடம் போன்ற கம்பிப் பிடிப்பான் ஒன்று தண்டின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். அதற்குப் பழைய துணியே போதும்: துணியின் விளிம்பைத் தகட்டுக்கும் கைப்பிடிக்கும் இடையே நுழைத்து, காலணிக்கு மெருகேற்றுவதுபோல் இருபுறமும் மாறி மாறி இழுத்தால், நூல் பிடிப்பானின் முனையில் சிக்கி அதை வெளியே இழுத்துவிடும். அது துள்ளிப் பறக்கும் என்பதால் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்வது அவசியம்.

கைப்பிடி கையில் வந்தபின் பார்த்தால், அதன் துளைக்குள் இருந்த சிறு பற்கள் மழுங்கியிருந்தன. எஃகுத் தண்டின் பற்களோ புதிதுபோல் இருந்தன. இத்தகைய கைப்பிடிகள் பெரும்பாலும் துத்தநாகத்துடன் ஏறத்தாழ 4 விழுக்காடு அலுமினியம் சேர்த்து அச்சில் வார்க்கப்படுபவை. எஃகை எதிர்த்து உராயும்போது தேய்வது எப்போதும் இந்த மென்மையான உலோகம்தான். இதில் ஈயம் போன்ற மாசு கலந்துவிட்டால், வெப்பமும் ஈரமும் சேர்ந்த காற்றில் உலோகத்தின் படிக மணிகளுக்கு இடையே அரிப்பு ஊடுருவி, பொருள் உப்பி, வெடித்து, கடைசியில் பிஸ்கட் போல் நொறுங்கும். மாலை தவறாமல் மழை பெய்யும் நம் ஊர்க் காற்று இதற்குத் தோதானது. அதனால் விரிசல் கண்ட கைப்பிடியைச் சீராக்க முயல்வது வீண். வெறும் பல் தேய்மானம் என்றால் வழி உண்டு. தண்டின் பற்களில் மெழுகு பூசி, கைப்பிடித் துளையில் எஃகுத்தூள் கலந்த எபாக்சி பசையை நிரப்பி, இரண்டையும் பொருத்தி ஒரு நாள் விட்டால், தண்டே அச்சாகி உள்ளே புதிய பற்கள் உருவாகும். பிறகு ஊசித் துளையை மீண்டும் துளைத்தால் போதும். வாயு வெல்டிங் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். இக்கலவை 400 பாகை செல்சியசுக்கும் குறைவான வெப்பத்திலேயே உருகுவதால், சுடர் பட்டதும் கைப்பிடி தரையில் சொட்டிவிடும்.

ஆனால் குற்றவாளி கைப்பிடி அன்று. பற்கள் மழுங்கும் அளவிற்குப் பலம் கொடுத்துச் சுற்ற நேர்ந்தது ஏன் என்பதற்கு விடை கதவின் உள்ளே இருக்கிறது.

அங்கே தண்டின் முனையிலுள்ள சிறு பற்சக்கரம், விளிம்பில் பல் வைத்த விசிறி வடிவத் தகட்டை நகர்த்த, அதனுடன் இணைந்த நெடுங்கரம் கண்ணாடியைத் தூக்குகிறது. கை சுற்றினால் கண்ணாடி ஏற வேண்டும். ஆனால் கண்ணாடியின் எடை கைப்பிடியைத் திருப்பிச் சுற்றி, கண்ணாடி தானாக இறங்கிவிடக் கூடாது. இந்த ஒருவழிப் பாதையைக் காப்பது, அசையாத உருளைக் கிண்ணம் ஒன்றுக்குள் இறுக்கமாகச் செருகிய ஒரு சுருள்வில். பேனாவுக்குள் இருக்கும் சுருளை முறுக்கிப் பாருங்கள்: ஒரு திசையில் முறுக்கினால் அது மெலியும், எதிர்த் திசையில் முறுக்கினால் பருக்கும். கைப்பிடி எந்தப் பக்கம் சுற்றினாலும் இந்தச் சுருளின் வளைந்த முனைகளுள் ஒன்றை மெலியும் திசையில் தள்ளுகிறது. சுருள் கிண்ணத்தின் சுவரை விட்டு விலகிச் சுழல்கிறது. கண்ணாடியின் எடையோ அதே முனைகளை மறுபுறமிருந்து தள்ளுவதால், சுருள் பருத்துச் சுவரை இறுகப் பற்றிக்கொள்கிறது. மேடு பள்ளமான தோட்டச் சாலையில் எவ்வளவு குலுங்கினாலும் கண்ணாடி நின்ற இடத்திலேயே நிற்பது இதனால்தான்.

எங்கள் வண்டியில் கிரீஸ் காய்ந்து மெழுகுபோல் கெட்டித்திருந்தது. கண்ணாடி ஓடும் பள்ளத்தின் கம்பளி விளிம்பும் உப்பி இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் கழுவிப் புதிய கிரீஸ் தடவியதும், இரண்டு விரலால் சுற்றும் அளவிற்கு இலகுவாயிற்று. இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை: கண்ணாடியின் எடையைத் தாங்கிக்கொடுக்க விசிறித் தகட்டுடன் முறுக்கிய பட்டைச் சுருள் ஒன்றும் இணைந்திருக்கலாம். தகட்டைக் கட்டி நிறுத்தாமல் பற்சக்கரத்தை விலக்கினால், அது விரலை நசுக்கும் வேகத்தில் திரும்பும்.

கதவின் அடியிலிருந்த வடிகால் துளைகளையும் கம்பியால் குத்தித் திறந்தோம். கண்ணாடியில் வழியும் மழைநீர் கதவிற்குள் இறங்குவது பழுதன்று. அது உள்ளே இறங்கி அடித்துளை வழியே வெளியேறும்படிதான் கதவுகள் செய்யப்படுகின்றன. துளை அடைத்தால் நீர் தேங்கி, உள்ளட்டை ஊறி, இரும்பு துருப்பிடிக்கும். உள்ளட்டைக்குப் பின்னால் மெல்லிய பிளாஸ்டிக் தாளை மீண்டும் ஒட்டிய பிறகே அட்டையைப் பொருத்தினோம்.

கடைசியாகக் கைப்பிடி. கண்ணாடியை முழுவதும் ஏற்றிவைத்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் பெரியப்பாவை உட்காரவைத்து, அவர் முழங்காலில் இடிக்காத கோணத்தில் அதைத் தண்டில் நுழைத்தேன். அவரே இரண்டு கட்டைவிரல்களாலும் தகட்டை அழுத்திப் பிடிக்க, நான் ஊசியைத் தட்டி இறக்கினேன்.